முயலுக்கு நீலச் சட்டை போட்டவர்

குழந்தைகளே, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் பார்க்காமல் ஒரு முயல் வரையுங்கள் பார்ப்போம். ஒரு பெரிய வட்டம், ஒரு சின்ன வட்டம், மேலே இரண்டு நீளக் காதுகள், பின்னால் பஞ்சு உருண்டை போல ஒரு வால். சரிதானே? நான் வகுப்பில் பார்த்த முயல்கள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. எல்லா முயலும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தது போல இருக்கும்!

இப்போது சொல்லுங்கள். முயல் உட்காரும்போது அதன் பின்னங்கால் எப்படி மடங்கும்? பயந்தால் அதன் காதுகள் எந்தப் பக்கம் திரும்பும்? தூங்கும்போது முன்னங்காலை எங்கே வைத்துக்கொள்ளும்? யோசிக்க வேண்டியிருக்கிறது அல்லவா?

இதற்கெல்லாம் உடனே விடை சொல்லக்கூடிய ஓர் ஓவியர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் பெயர் பியாட்ரிக்ஸ் பாட்டர். நீலநிறச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு காலில் நடந்துபோகும் பீட்டர் என்ற முயலை உலகுக்குத் தந்தவர் அவர்தான். புத்தகத்திலோ தொலைக்காட்சியிலோ நீங்கள்கூட அந்த முயலைப் பார்த்திருக்கலாம்.

பியாட்ரிக்ஸ் 1866ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் தேதி லண்டனில் பிறந்தார். வசதியான குடும்பம். பெரிய வீடு. ஆனால், அவர் பள்ளிக்கூடம் போனதே இல்லை. அந்தக் காலத்தில் அங்கே பணக்கார வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு வீட்டுக்கே ஆசிரியை வந்து பாடம் சொல்லிக்கொடுப்பார். மூன்றாவது மாடியில் இருந்த அறைதான் அவருடைய உலகம். விளையாடத் தோழிகள் இல்லை. தம்பி பெர்ட்ரம் பிறந்தபோது அவருக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. அதன்பின் அவன்தான் ஒரே கூட்டாளி.

தோழிகள் இல்லாத வீட்டில் யார் இருந்தார்கள் தெரியுமா? முயல், எலி, தவளை, பல்லி, வௌவால், முள்ளெலி! அக்காவும் தம்பியும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சில பிராணிகள் பெரியவர்களுக்குத் தெரியாமல் காகிதப் பையில் ஒளிந்துகொண்டு மாடி ஏறின.

வளர்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு பிராணியையும் பல கோணங்களில் வரைந்தார்கள். ஏதாவது ஒன்று செத்துப்போனால் அழுதுவிட்டு, பிறகு அதை வேகவைத்து, எலும்புகளைத் தனியே எடுத்து, அடுக்கி வைத்து அதையும் வரைந்தார்கள். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால், தோலுக்கு உள்ளே எலும்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் மேலே உரோமம் எப்படிப் படியும் என்பதும் தெரியும்.

1875ஆம் ஆண்டு அவர் வரைந்த ஓவிய நோட்டு ஒன்று இன்றும் பத்திரமாக இருக்கிறது. அப்போது அவருக்கு வயது எட்டு. அதில் கம்பளிப்பூச்சிகளை வரைந்து, அவற்றைப் பற்றித் தான் கவனித்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

கோடை வந்தால் குடும்பம் முழுவதும் மூன்று மாதம் ஸ்காட்லாந்து போய்விடும். அங்கே காடு, ஆறு, மலை. லண்டன் மாடி அறையில் அடைந்து கிடந்த சிறுமிக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1882 முதல் இங்கிலாந்தின் வடக்கே உள்ள ஏரி மாவட்டத்துக்கும் போகத் தொடங்கினார்கள். இந்த இடத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் மறுபடியும் வரும்.

அவருடைய அப்பா வழக்கறிஞர். புகைப்படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவர். மில்லே என்ற புகழ்பெற்ற ஓவியர் அப்பாவின் நண்பர். வரையத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் இந்தப் பெண்ணிடம் கூர்ந்து கவனிக்கும் குணம் இருக்கிறது என்று அவர் ஒருமுறை பாராட்டினாராம். பியாட்ரிக்ஸ் அதை மறக்காமல் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்த நாட்குறிப்பு ஒரு வேடிக்கை. வேறு யாரும் படிக்கக் கூடாது என்று தானே உருவாக்கிய ரகசிய எழுத்தில் அதை எழுதினார். அவர் இறந்த பின் 1958இல்தான் லெஸ்லி லிண்டர் என்பவர் அந்தப் புதிரை விடுவித்தார். 1793 என்ற ஆண்டும் 16ஐக் குறிக்கும் ரோமன் எண்ணும் ஓரிடத்தில் சேர்ந்து வந்தன. பிரான்ஸ் நாட்டு மன்னர் பதினாறாம் லூயி கொல்லப்பட்ட ஆண்டு அது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளையும் கண்டுபிடித்துவிட்டார்!

இளம்பெண்ணாக இருந்தபோது பியாட்ரிக்ஸின் மனம் காளான்கள் மேல் போயிற்று. ஸ்காட்லாந்தில் சார்லி மெக்கின்டாஷ் என்று ஒரு தபால்காரர் இருந்தார். கடிதம் கொடுக்கப் பல மைல் நடந்து நடந்தே செடி கொடிகளைப் பற்றியும் காளான்களைப் பற்றியும் கற்றுக்கொண்டவர். 1892இல் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அவர் அபூர்வமான காளான்களைப் பறித்துத் தபாலில் லண்டனுக்கு அனுப்புவார். இவர் அவற்றை வரைந்து, படத்தை அவருக்கு அனுப்புவார். காளானை வெளியே இருந்து வரைந்தால் மட்டும் போதாது, நடுவில் வெட்டி உள்புறத்தையும் வரைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அந்தத் தபால்காரர்தான்.

வாட்டர் கலரில் மெல்லிய தூரிகையால் பியாட்ரிக்ஸ் வரைந்த காளான்கள் முந்நூற்றுக்கும் மேல். காளானில் தூள் போல இருக்கும் வித்துகள் எப்படி முளைக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து ஆராய்ந்தார். ஒரு கட்டுரையும் எழுதினார். லண்டனில் லின்னேயன் சங்கம் என்ற பெரிய அறிவியல் சங்கம் இருந்தது. 1897 ஏப்ரல் 1ஆம் தேதி அந்தக் கட்டுரை அங்கே முன்வைக்கப்பட்டது. முன்வைத்தவர் ஜார்ஜ் மாஸ்ஸி என்பவர். ஏன் அவரே போகவில்லை? பெண்கள் அந்தக் கூட்டத்துக்கு வரவே கூடாது என்பது அன்றைய விதி. தன்னுடைய கட்டுரையைப் பற்றி அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்கக்கூட அவரால் முடியவில்லை. பிறகு அதை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தக் கட்டுரை இன்று எங்கும் கிடைக்கவில்லை. அவரைச் சரியாக நடத்தவில்லை என்று அந்தச் சங்கம் ஒப்புக்கொண்டது 1997இல். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து!

அவர் வரைந்த காளான்கள் மட்டும் தோற்கவில்லை. 1967இல் வெளிவந்த காளான்களைப் பற்றிய ஓர் அறிவியல் நூலில் அவருடைய 59 படங்கள் இடம்பெற்றன.

சரி, நீலச் சட்டை எப்போது வந்தது? அதற்கு நான்கு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

பியாட்ரிக்ஸுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கு நோயல் என்று ஒரு மகன். ஐந்து வயது. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். அவனுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார் பியாட்ரிக்ஸ். என்ன எழுதுவது என்று தோன்றவில்லை. நான்கு குட்டி முயல்களின் கதையைப் படம் போட்டு எழுதி அனுப்பினார். அது 1893 செப்டம்பர் 4. அவர் அப்போது வளர்த்துவந்த முயலின் பெயர் பீட்டர். வளையத்துக்குள் தாவும், குட்டி மணியை அடிக்கும் கெட்டிக்கார முயல். கதையில் வரும் குறும்புக்கார முயலுக்கும் அதே பெயரை வைத்தார்.

அந்தச் சிறுவன் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தான். நல்லவேளை! சில ஆண்டுகள் கழித்துப் பியாட்ரிக்ஸ் அதைத் திரும்ப வாங்கி, புத்தகமாக எழுதினார். பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. புத்தகம் சின்னதாக, குழந்தையின் கைக்கு அடக்கமாக, மலிவாக இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் 1901 டிசம்பரில் தன் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டார். அதன்பின் வார்ன் என்ற பதிப்பகம் முன்வந்தது. 1902 அக்டோபரில் வண்ணப் படங்களுடன் 8,000 பிரதிகள் வெளிவந்தன.

இந்தக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பீட்டர் தோட்டத்தில் திருடப் போய் மாட்டிக்கொள்கிறான். அவனுடைய சட்டைப் பொத்தான் ஒரு வலையில் சிக்கிக்கொள்கிறது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிறான். எப்படி ஓடுகிறான்? நான்கு காலில்! சட்டை இருக்கும்வரை அவன் உங்களைப் போல ஒரு சிறுவன். சட்டை போனவுடன் உயிருக்குப் பயந்து ஓடும் உண்மையான முயல். படங்களைப் பார்த்தால் தெரியும். சட்டைக்குள் இருக்கும் தோளும் முதுகும் நிஜ முயலின் தோளும் முதுகும்தான்.

அடுத்தடுத்து வந்த புத்தகங்களுக்கு அவர் பட்ட பாடு கொஞ்சமா? அணில் கதைக்காக இரண்டு அணில்கள் வாங்கினார். அந்த நாட்டு அணில் செம்பட்டை நிறம், முதுகில் கோடு இருக்காது. இரண்டும் ஓயாமல் சண்டை போட்டன. பார்க்க அழகாக இருந்ததுதான் பெரிய முரடு. அதை விட்டுவிட வேண்டியதாயிற்று. அந்த அணில்கள் வாலைப் பாயாக விரித்துத் தெப்பத்தில் போவதாகக் கதை. அணில் தெப்பம் ஓட்டுமா? ஓட்டாது. ஆனால், அந்த ஏரியும் நடுவில் இருக்கும் தீவும் உண்மையானவை. ஏரிக்கரையில் உட்கார்ந்து பார்த்து வரைந்தவை.

'குளோஸ்டர் நகரத் தையல்காரர்' என்ற புத்தகம் 1903இல் வந்தது. எலிகள் இரவோடு இரவாக ஒரு தையல்காரருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் கதை. தையல் கடை எப்படி இருக்கும்? சும்மா போய் நின்றால் என்னவென்று கேட்பார்களே! தன் கோட்டில் இருந்த ஒரு பொத்தானைத் தானே பிய்த்துவிட்டு, தைத்துத் தரச் சொல்லி ஒரு கடைக்குப் போனாராம். அவர்கள் தைத்து முடிப்பதற்குள் கடை முழுவதையும் கண்ணால் அளந்துவிட்டார். பழங்காலப் பூவேலைச் சட்டைகளைப் பார்க்க லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போனார். அவை இருட்டான ஒரு மூலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. ரொம்ப நாள் அப்படியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான், கேட்டால் வெளியே எடுத்து மேசைமேல் வைப்பார்கள் என்று தெரிந்தது!

முள்ளெலி கதை இன்னும் சுவையானது. முள்ளெலி என்றால் முள்ளம்பன்றி இல்லை. கையில் அடங்கிவிடும் சின்னப் பிராணி. அவர் வளர்த்த முள்ளெலி மடியில் தூங்கச் சொன்னால் சந்தோஷமாகத் தூங்கும். நிமிர்த்தி நிற்க வைத்து அரை மணி நேரம் வரைந்தால் முதலில் கொட்டாவி விடும். அப்புறம் கடிக்கும்! அதனால் பஞ்சில் ஒரு பொம்மை செய்து, அதற்குத் துணி உடுத்தி உடைகளை வரைந்தார். முகத்தை மட்டும் நிஜ முள்ளெலியைப் பார்த்து வரைந்தார். அந்தக் கதையில் முள்ளெலிதான் சலவைக்காரம்மா. ஸ்காட்லாந்தில் அவர்களுக்குத் துணி வெளுத்துத் தந்த ஒரு பாட்டியை நினைத்து உருவாக்கிய பாத்திரம் அது.

பொம்மை வீட்டுக்குள் புகுந்து அட்டகாசம் செய்யும் இரண்டு எலிகளின் கதையை எழுதியபோது ஒரு தடங்கல். பதிப்பகத்தைச் சேர்ந்த நார்மன் வார்ன், தன் அண்ணன் மகளுக்கு அழகான பொம்மை வீடு ஒன்று செய்து கொடுத்திருந்தார். அதைப் போய்ப் பார்த்து வரைய வேண்டும். பியாட்ரிக்ஸுக்கு அப்போது முப்பத்தேழு வயது. ஆனாலும் அம்மா போக விடவில்லை! நார்மன் அந்த வீட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்பினார். பொம்மைச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கடையில் வாங்கி அனுப்பினார். அவற்றைப் பார்த்தே படங்கள் முடிந்தன.

புத்தகங்களைப் பற்றி எழுதிய கடிதங்களிலேயே இருவரும் நெருங்கிவிட்டார்கள். 1905 ஜூலையில் நார்மன் திருமணத்துக்குக் கேட்டார். வியாபாரம் செய்யும் குடும்பம் என்று பெற்றோர் தடுத்தார்கள். பியாட்ரிக்ஸ் அதை மீறிச் சம்மதித்தார். ஒரு மாதம்தான். ஆகஸ்ட் 25ஆம் தேதி நார்மன் இரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டார். வயது 37.

அந்த ஆண்டே பியாட்ரிக்ஸ் ஏரி மாவட்டத்தில், நியர் சாரே என்ற கிராமத்தில், ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். புத்தகங்களில் கிடைத்த பணமும் உறவினர் விட்டுச்சென்ற கொஞ்சம் பணமும் அதற்கு உதவின. துக்கத்தை அங்கே கொண்டுபோய் வேலையில் கரைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் பண்ணை வீட்டின் மாடிப்படி, தோட்டத்து வாசல், கிராமத்துத் தெரு எல்லாம் படங்களில் வந்துவிட்டன. பூனைக்குட்டி டாம் ஓடியது அந்தத் தோட்டத்தில்தான். வாத்து ஜெமைமா அந்தப் பண்ணையின் வாத்துதான். ஹில் டாப்புக்குப் போகிறவர்கள் இப்போதும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கதவு இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1913இல் வில்லியம் ஹீலிஸ் என்ற வழக்கறிஞரை மணந்தார். பிறகு படம் வரைவது குறைந்தது. கண் பார்வையும் மங்கி வந்தது. நுண்ணிய கோடுகள் போட்ட கை, ஆடுகளின் உரோமத்தைத் தடவித் தரம் பார்க்கத் தொடங்கியது. அந்த மலைக்கே உரிய ஹெர்ட்விக் என்ற ஆட்டினத்தை அவர் அக்கறையோடு வளர்த்தார். ஏரி மாவட்டத்து நிலங்களை யாரும் துண்டு போட்டு விற்றுவிடாமல், தானே ஒவ்வொரு பண்ணையாக வாங்கினார். தான் வரைந்த மலையும் ஏரியும் படத்தில் மட்டும் இருந்தால் போதாது என்று நினைத்தாரோ என்னவோ.

1943 டிசம்பர் 22ஆம் தேதி அவர் காலமானார். 4,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை, இயற்கையைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். அவருடைய சாம்பலை மலைச்சரிவில் தூவியவர் அவரிடம் வேலை பார்த்த ஆட்டு மேய்ப்பர் டாம் ஸ்டோரி. எந்த இடத்தில் தூவினார் என்பதை ஊருக்குச் சொல்லவில்லை. அந்தச் சரிவுகளில் இன்றும் ஹெர்ட்விக் ஆடுகள் மேய்கின்றன. புதர்களுக்குள் முயல்களும் இருக்கின்றன, சட்டை இல்லாமல்.