கதையைப் பாட்டாக்கிய சங்கரதாஸ் சுவாமிகள்



ஞானசௌந்தரியின் கதையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் அந்நாளில் தமிழ்நாட்டில் அரிது. மாற்றாந்தாயின் வஞ்சகத்தால் இரு கைகளையும் இழந்து காட்டில் விடப்பட்ட அரசகுமாரி, தேவமாதாவையே தஞ்சமென்று நம்பி, இழந்த கைகளைத் திரும்பப் பெற்ற வரலாறு அது. அக்கதையை நாடகமாக எழுதியவர்களுள் நம் வேதத்தைச் சேராத துறவி ஒருவரும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? அவரே தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

அவர் 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடிப் பக்கத்திலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தமிழை முறையாகக் கற்று, சிறிது காலம் உப்பளத்தில் கணக்கெழுதினார். 24-ஆம் வயதில் அவ்வேலையை உதறிவிட்டு நாடகத்தில் புகுந்தார்.

இரணியன், இராவணன், எமன் ஆகிய வேடங்களில் அவர் தோன்றினால் சபையே நடுங்குமாம். ஒருநாள் அவருடைய பயங்கரக் கோலத்தைக் கண்ட கர்ப்பிணி ஒருத்தியின் கரு கலைந்துபோயிற்று என்றும், அந்தத் துயரத்தால் அவர் வேடமிடுவதையே விட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பார்ப்பவர் உள்ளத்துக்கு மேடையில் நிற்பவனே பொறுப்பாளி என்பதை அவர் அன்று உணர்ந்தார் போலும்.

பிறகு துறவுபூண்டு தலயாத்திரை செய்தார். ஆயினும் நாடகம் அவரைத் திரும்ப அழைத்தது, இம்முறை ஆசிரியராக.

அக்காலத்து நடிகர்கள் பலர், மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசி, ஒருவரையொருவர் மட்டந்தட்டிக் கைதட்டல் வாங்குவது வழக்கம். சுவாமிகளோ வள்ளி, பவளக்கொடி, சாவித்திரி, கோவலன் என்று ஜனங்கள் வாய்வழியாக அறிந்த கதைகளையே எடுத்துக்கொண்டார். அவற்றைக் காட்சிகளாகப் பிரித்தார். உள்ளம் பொங்கும் இடங்களில் விருத்தமும் சிந்தும் கீர்த்தனையும் அமைத்தார். இடையே பேசவேண்டிய வசனத்தையும் தாமே எழுதிக் கொடுத்தார். எழுத்தறியாத ஏழையும் பாட்டைக் கேட்டே நீதியைப் பிடித்துக்கொண்டான். இவ்விதம் சுமார் 40 நாடகங்கள் எழுதினார் என்பர். அவற்றுள் ஒன்றே ஞானசௌந்தரி.

பெரிய நடிகர்களிடம் ஒழுங்கு காணாத அவர், சிறுவர்களைப் பழக்கத் துணிந்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்ற பிள்ளைகள் அங்கேதான் பயின்றார்கள். அவர்களுள் இளஞ்சிறுவனாயிருந்த சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

கடைசிக் காலத்தில் பக்கவாதம் அவர் பேச்சை முடக்கிற்று. அந்நிலையிலும் அவர் தம் பிள்ளைகளைப் பிரியவில்லை. 1922 நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். மேடையில் வளர்ந்த ஞானசௌந்தரியோ 1948-ல் திரைப்படமாகி, தேவமாதாவை வேண்டும் பாடலை மதபேதமின்றி எல்லார் வாயிலும் ஒலிக்கச் செய்தாள்.

பெற்றோர்களே, இனி நம் காரியத்துக்கு வருவோம். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளில் பிழைப்பு தேடிப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். உங்கள் பாட்டிமாருள் சிலர், தங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஞானசௌந்தரியைக் கண்டு விடிய விடியக் கண்ணீர் வடித்திருக்கலாம். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நம் திருவிழா மேடையில் பிள்ளைகள் ஏதோ ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடி இறங்கினால் போதும் என்று இருந்துவிடுகிறோம். ஒரு அர்ச்சியசிஷ்டருடைய கதையை எடுத்து, நாலு காட்சியாக்கி, நாலு பாட்டமைத்து அவர்களுக்குப் பழக்கினால் என்ன? ஒருமுறை பாடி நடித்த கதையைப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

பிற வேதத்தார் ஒருவர் நம் தாயின் இரக்கத்தைப் பாட்டாக்கித் தந்தார். அவருக்கு நன்றி செலுத்துவோம். அந்தப் பாட்டு நம் வீட்டில் நின்றுபோகாமல் காப்பது நம் கடமை.