மதிலுக்குள் வாழ்ந்த மாந்தரை எழுதிய மண்ட்டோ

மனநோயாளர் என்றதும் நோயை நினைக்கும் நாம், அந்நோய்க்கு ஆட்பட்ட மனிதரை நினைப்பதில்லை. அம்மனிதரை நினைக்கவைத்தவர் உருதுச் சிறுகதை வேந்தர் சாதத் ஹசன் மண்ட்டோ ஆவார்.

அன்னார் 11.5.1912 அன்று பஞ்சாபின் சம்ராலாவில் பிறந்தார். மனநோயாளரைப் பற்றிய இந்தியப் பித்தர் சட்டம் இயற்றப்பட்டதும் அவ்வாண்டிலேயே. அச்சட்டத்தில் சிகிச்சையைவிடக் காவலே முதன்மை பெற்றிருந்தது.

பம்பாயில் திரைப்பட எழுத்தாளராகப் புகழ்பெற்ற மண்ட்டோ, பிரிவினைக்குப்பின் 1948இல் லாகூருக்குக் குடிபெயர்ந்தார். பிறந்த ஊரும் பழகிய நகரும் அயல்நாடாயின. எழுத்துக்காக வழக்குகள் தொடர்ந்தன, வறுமை வாட்டியது, மது வீழ்த்தியது. குடியிலிருந்து மீட்கக் குடும்பத்தார் அவரை லாகூர் மனநல மருத்துவமனையில் சேர்த்தனர்.

நாட்டையும் நிலத்தையும் பங்கிட்ட இரு அரசுகளும் 1950இல் மனநோயாளரையும் பரிமாறிக்கொண்டன. லாகூரிலிருந்து ஏறத்தாழ 450 இந்து, சீக்கிய நோயாளர் அமிர்தசரசுக்கு அனுப்பப்பட்டனர். இதனைப் பொருளாகக் கொண்டு மண்ட்டோ படைத்ததே 'டோபா டேக் சிங்' என்னும் சிறுகதை.

கதைத்தலைவன் பிஷன் சிங் ஒரு நிலக்கிழார். உறவினரால் விலங்கிட்டுக் கொண்டுவந்து விடப்பட்டவர். 15 ஆண்டுகள் படுத்துறங்காமல் நின்றே கழித்ததால் கால்கள் வீங்கியிருந்தன. நாளும் கிழமையும் அறியாத அவர், திங்களுக்கு ஒருமுறை உறவினர் வரும் நாளை மட்டும் எவ்வாறோ உணர்ந்துகொள்வார். அன்று நன்கு குளித்து, எண்ணெயிட்டுத் தலைவாரி, நல்லாடை உடுத்திக் காத்திருப்பார். பிரிவினைக்குப்பின் அவ்வருகை நின்றது. குடும்பம் நலமுடன் இந்தியா சேர்ந்த செய்தியைக் கொண்டுவந்தவர் ஊர் நண்பரான பஸலுத்தீன் என்னும் முஸ்லிம். தம் ஊர் எந்நாட்டில் உள்ளதென்று பிஷன் சிங் கேட்டுக்கொண்டே இருந்தார். தெளிவான விடை கிட்டவில்லை. இறுதியில், இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட மண்ணில் வீழ்ந்தார்.

மண்ட்டோ 18.1.1955 அன்று தம் 42ஆம் அகவையில் மறைந்தார்.

ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் உள்ளிட்ட நம் தென்மாவட்டத்தாருக்கு ஏர்வாடி அயலூரன்று. அங்கே 6.8.2001 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப இயலாமல் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்துள்ளது. எனினும், குணமடைந்த பின்னும் அழைத்துச்செல்ல எவரும் வாராமையால் மருத்துவமனையிலேயே முதுமை எய்துவோர் உளர்.

தலைவாரி, நல்லாடை உடுத்திக் காத்திருந்த பிஷன் சிங்கை மாணவச் செல்வங்கள் மறத்தலாகாது. நம் குடும்பத்திலோ தெருவிலோ அத்தகையோர் இருப்பின், அவரைச் சென்று காண்பதும், நலம்பெற்றவரை வீட்டுக்கு அழைத்து வருவதும் நம் கடமையாகும்.