குழந்தைகளிடம் பாடம் கற்ற மாண்டிசோரி அம்மையார்

ஆசிரியர் பாடம் நடத்துவார். மாணவர் பாடம் கேட்பர். இதுவே நாமெல்லோரும் அறிந்த முறை. மாணவர் எவ்வாறு கற்கிறார் என்பதை ஓரமாக அமர்ந்து கவனித்து, தம் முறையை நாள்தோறும் திருத்திக்கொண்ட ஆசிரியர்கள் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் இத்தாலி நாட்டின் மரியா மாண்டிசோரி அம்மையார். நம் ஊர்களில் அவர் பெயரைத் தாங்கிய பள்ளிப் பலகைகளைப் பார்க்கிறோம். அது ஏதோ ஓர் ஊரின் பெயர் என்று எண்ணியிருப்போரும் நம்முள் உண்டு. ஆகவே அவர் வரலாற்றை இங்கே சொல்ல விழைகிறோம்.

மரியா 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசுப் பணியாளர். தாய் ரெனில்தே புத்தகம் படிப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். மகள் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் படித்த பெண்களுக்கு இருந்த ஒரே கௌரவமான வேலை ஆசிரியப் பணிதான். பெற்றோரும் அதையே விரும்பினர். மரியாவோ வேறு எந்த வேலையும் செய்வேன், ஆசிரியையாக மட்டும் ஆகமாட்டேன் என்று மறுத்துவிட்டார்! பதின்மூன்று வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் பொறியியலை விரும்பியவர், பின்னர் மருத்துவம் பயிலத் துணிந்தார்.

மருத்துவக் கல்லூரியில் அவர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. ஆண் மாணவருடன் சேர்ந்து பிணத்தை அறுத்துப் பயிலுதல் பெண்ணுக்குத் தகாது என்று கருதினர். ஆகையால் எல்லோரும் சென்றபின், மாலை நேரத்தில், அவர் தனியாகவே அந்த அறையில் பயில வேண்டியிருந்தது. 1896-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அவரே இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று பலர் எழுதுகின்றனர். அது சரியன்று, அவருக்கு முன்பே சில பெண்கள் பட்டம் பெற்றிருந்தனர். எண்ணிக்கையில் அவர் எத்தனையாவது என்பதைவிட, பெற்ற பட்டத்தைக் கொண்டு என்ன செய்தார் என்பதே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, அவர் மனநல விடுதிகளுக்குச் சென்று வந்தார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளும் அங்கே பெரியவர்களோடு அடைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் தவழ்ந்து ரொட்டித் துணுக்குகளைத் தேடினராம். காவற்காரி அதைப் பேராசை என்று வெறுத்தாள். மரியா சுற்றுமுற்றும் பார்த்தார். அறையில் தொட்டு விளையாட ஒரு பொருள்கூட இல்லை. பசித்தது வயிற்றுக்கு அல்ல, கைகளுக்கு என்று அவருக்குப் புலப்பட்டது. இத்தகைய குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்தைவிடக் கல்வியே என்ற முடிவுக்கு வந்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இதார், செகேன் ஆகியோர் இக்கல்வி பற்றி எழுதியவற்றைத் தம் கைப்பட இத்தாலிய மொழியில் எழுதி எழுதிப் பயின்றார்.

1900-ஆம் ஆண்டில் அத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியரைப் பயிற்றுவிக்கும் பள்ளியொன்று ரோமாபுரியில் தொடங்கியது. மரியா அதன் இயக்குநர் இருவருள் ஒருவரானார். இயக்குநர் என்று நாற்காலியில் அமர்ந்துவிடவில்லை. காலை முதல் மாலை வரை தாமே குழந்தைகளுக்குக் கற்பிப்பார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து வைப்பார். எதற்கும் உதவாதவர் என்று தள்ளப்பட்ட குழந்தைகளுள் சிலர், மற்றக் குழந்தைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினர்! ஊரார் வியந்து பாராட்டினர். அம்மையாருக்கோ கவலை பிறந்தது. இவர்களே இவ்வளவு கற்க முடியுமானால், நல்ல அறிவுடைய மற்றக் குழந்தைகள் இதே அளவில்தான் நிற்பது ஏன்? அவர்கள் பள்ளியில் ஏதோ ஒன்று அவர்களைத் தடுக்கிறது அல்லவா? புகழ் வந்த நேரத்தில் இப்படிக் கேட்க எத்தனை பேருக்குத் தோன்றும்? அவர் அப்பதவியை விட்டு, மீண்டும் மாணவியாகிப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் உளநூலும் பயின்றார்.

விடை தேட வாய்ப்புக் கிடைத்தது ரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில். அங்குள்ள வீடுகளை ஒரு நிறுவனம் பழுதுபார்த்து வாடகைக்கு விட்டிருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் சிறுவர்கள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டால் செலவு மிச்சம் என்று உரிமையாளர் கருதினர். இவ்வாறு, சுவரைக் காப்பதற்காகத்தான் 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள். பார்த்துக்கொள்ள, ஆசிரியப் பயிற்சி பெறாத ஓர் இளம்பெண். பழைய வழக்கங்கள் எதுவும் அறியாத அப்பெண்ணே தமக்கு ஏற்றவள் என்று அம்மையார் கருதினார்.

அந்த அறையில் நடந்தவற்றைப் படித்தபோது எங்களுக்கு மிகுந்த வியப்பு உண்டாயிற்று. ஒரு நாள், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்ததும் எடுத்துவிட்டு மீண்டும் பொருத்தினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடச் சொன்னார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். சிறுமி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நாற்பது முறைக்கு மேல் செய்தபின், தானாகவே நிறுத்தி, நன்றாக உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் சுற்றிலும் பார்த்தாள். சிறு பிள்ளைகளால் ஒன்றில் மனம் ஊன்ற முடியாது என்று நூல்கள் கூறின. கண் முன்னே வேறு உண்மை நின்றது. அம்மையார் தாம் கண்டதையே நம்பினார்.

இன்னொரு நாள், பொருள்கள் இருந்த அலமாரியைப் பூட்ட அந்த ஆசிரியை மறந்துவிட்டாள். காலையில் குழந்தைகள் தாமே வேண்டியதை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தனர். ஆசிரியை அதைத் திருட்டு என்று எண்ணினாள். இவர்களுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரிகிறது என்று அம்மையார் கண்டார். பூட்டிய அலமாரி போய், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த அலமாரிகள் வந்தன. நன்கொடையாக வந்த அழகிய பொம்மைகளைப் பிள்ளைகள் நாடவில்லை, அவையும் போயின. பரிசாக ஒரு சிறுவனுக்கு அணிவிக்கப்பட்ட வெள்ளிச் சிலுவையை அவன் பொருட்படுத்தாமல், தண்டனையாக நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட மற்றொருவனுக்குக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். பெற்றவனும் மகிழ்ந்து அணிந்துகொண்டான்! பிறகு அவ்வில்லத்தில் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. பரிசளிப்பு விழாவுக்குக் கைதட்டி மகிழும் நமக்கு இதை ஏற்பது சற்றுக் கடினமே. ஆயினும் கண்டதைக் கண்டபடி ஏற்ற அவர் துணிவை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

கைக்குட்டையால் ஓசையின்றி மூக்கைத் துடைக்கும் விதத்தை ஒரு நாள் வேடிக்கையாகச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ கைதட்டி ஆரவாரித்தனர். மூக்கொழுகும் பிள்ளை என்று எல்லோரும் அவர்களை ஏசினரேயன்றி, எப்படித் துடைப்பது என்று யாரும் மரியாதையுடன் சொல்லிக் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

எழுத்தறிவின் கதை இன்னும் இனியது. சிறுவர்க்கு எழுதப் படிக்கக் கற்பிக்கும் எண்ணம் தொடக்கத்தில் அவருக்கு இல்லை. தாய்மார்தாம் வந்து வேண்டினர். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தைகள் விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகினர். டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், மொட்டை மாடியில், ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைத் தந்து புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான். பிறகு தனக்கு எழுத வருகிறது என்று கூவிக்கொண்டே கை, புகைபோக்கி, கூரை என்ற சொற்களைத் தரையில் எழுதினான். மற்றவரும் ஓடிவந்து எழுதத் தொடங்கினர். அவர்கள் கையில் யாரும் எழுதுகோலைக் கொடுத்து எழுது என்று வருத்தியதில்லை.

இச்செய்தி பரவவே, உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து பார்த்தனர். 1909-ஆம் ஆண்டில் அவர் தம் முறையை நூலாக எழுதினார். ஆசிரியர்க்குப் பயிற்சியும் தொடங்கினார். அப்பயிற்சியின் உயிர்நாடி, பேச்சைக் குறைத்துக் குழந்தையைக் கவனிப்பதே. அவரிடமும் ஒரு குறை சொல்வோர் உண்டு. தாமே பயிற்சி அளிக்க வேண்டும், பொருள்களைப் பிறர் மாற்றக்கூடாது என்று அவர் கண்டிப்புடன் இருந்தார். தம் முறையை அத்தனை தடவை திருத்திக்கொண்டவர், மற்ற ஆசிரியருக்கும் அந்த உரிமையைச் சற்றுத் தாராளமாகத் தந்திருக்கலாம் என்பதே எங்கள் எண்ணம்.

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி 1920-களில் அவர் பள்ளிகளை ஆதரித்தார். அம்மையாரும் அந்த ஆதரவை ஏற்றார். ஆனால் தாமாகச் சிந்திக்கும் குழந்தையும் சர்வாதிகாரமும் ஒத்துப்போகுமா? 1934-ஆம் ஆண்டில் பிணக்கு முற்றியது. அவர் பள்ளிகள் இத்தாலியில் மூடப்பட்டன. ஸ்பெயினில் தங்கியிருந்தார், 1936-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூளவே, ஹாலந்து சென்றார்.

1939-ஆம் ஆண்டு நவம்பரில், அறுபத்தொன்பதாம் வயதில், மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஓலைக் கொட்டகைகளில் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதங்களில் இத்தாலி போரில் இறங்கியது. பகை நாட்டவர் என்று மரியோவைச் சிறை முகாமில் வைத்தனர். 1940 ஆகஸ்டு 31 அன்று, தாயின் எழுபதாம் பிறந்த நாள் பரிசாக, அவரை விடுதலை செய்தனர்.

பின்னர் கொடைக்கானலில் சுமார் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கே செடிகொடிகளையும் பூச்சிகளையும் கொண்டு, சற்றே வளர்ந்த சிறுவர்க்கான கல்வியை ஆராய்ந்தார். நம் நாட்டில் தாயின் இடுப்பில் அமர்ந்தபடியே சந்தைக்கும் கோவிலுக்கும் செல்லும் கைக்குழந்தைகளையும் கவனித்தார். யாரும் பாடம் நடத்தாமலே அவை தாய்மொழியைக் கற்பதைப் பற்றி நெடிது சிந்தித்தார். கல்வி பிறந்த நாளிலேயே தொடங்குகிறது என்று இப்போது விரிவாக விளக்கினார். 1944-ஆம் ஆண்டில் கொழும்பிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். போர் முடிந்தபின் 1946-இல் ஐரோப்பா திரும்பினாலும், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்தார்.

1952-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், ஹாலந்து நாட்டின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் அவர் காலமானார். வயது எண்பத்தொன்று. ஆப்பிரிக்காவுக்குச் சென்று அங்குள்ள ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதைப் பற்றி அந்நாள்களில் மகனுடன் பேசிக்கொண்டிருந்தாராம். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.