ரூ.2,000-க்கு ஒரு கார்... தயாரா இருந்தும் ரோட்டுக்கு வராதது ஏன்? ஜி.டி.நாயுடுவின் கதை

கையில ரெண்டு லட்சம் இருக்கு. குடும்பத்தோட போய்வர ஒரு கார் வேணும். விலை குறைவா இருக்கணும், ஆனா நடுரோட்டுல நிக்கக் கூடாது. காஞ்சிபுரத்தை ஒட்டிய முசரவாக்கத்துல தறி வைத்திருக்கும் குடும்பமாக இருந்தாலும் சரி, சென்னையில ஐ.டி. வேலைக்குப் போறவராக இருந்தாலும் சரி, முதல் கார் வாங்கப் போகும் எல்லோருக்கும் இருக்கும் கவலை இதுதான்.

இந்தக் கவலைக்கு 70 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு கோவைக்காரர் பதில் வைத்திருந்தார். 1952-ல் ரூ.2,000 விலையில் இரண்டு பேர் உட்கார்ந்து போகும் பெட்ரோல் காரைச் செய்து காட்டினார். அவர்தான் ஜி.டி.நாயுடு. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு வைத்திருப்பது அவருடைய பெயரைத்தான். தினமும் ஆயிரக்கணக்கான கார்கள் அதன் மேல் ஓடுகின்றன. அவர் செய்த கார் மட்டும் விற்பனைக்கே வரவில்லை. ஏன்?

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் என்ற சின்ன கிராமம். அங்கே 1893 மார்ச் 23-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. படிப்பு சீக்கிரமே நின்றுபோனது.

பிற்காலத்தில் பொறியியல் கல்லூரி தொடங்க உதவி, அதற்கே முதல்வராகவும் இருந்தவரின் ஆரம்பம் இப்படித்தான்!

முதல் வண்டி வாங்கியது எப்படி?

ஒருநாள் அவருடைய ஊருக்கு வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அது ரட்ஜ் கம்பெனி வண்டி. மாடோ குதிரையோ இழுக்காமல் தானா ஓடும் வண்டியைப் பார்த்ததும் நாயுடுவுக்கு அது ஒன்றே நினைப்பாகிவிட்டது.

கையில காசு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? கோவைக்குக் கிளம்பிப் போனார். ஒரு ஹோட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். சாப்பாடு பரிமாறி, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியதும் ஊரைச் சுற்றிக் காட்டினாரா என்றால் இல்லை. முழு வண்டியையும் பிரிச்சுப் போட்டார். எந்தப் பாகம் எதுக்குன்னு பார்த்தார். மறுபடி பூட்டினார். ஓட்டுவதற்கு முன்னாடி உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் அவருக்கு முக்கியம். அப்படியே மெக்கானிக் ஆனார். அவர் வாழ்க்கை முழுக்க இந்தப் பழக்கம் கூடவே வந்தது.

ஒரே ஒரு பஸ்... அங்கிருந்து?

நடுவில் பருத்தித் தொழிலில் இறங்கினார். சம்பாதித்ததை பம்பாயில் இழந்துவிட்டுத் திரும்பினார். அப்போது அவருக்குக் கை கொடுத்தவர் கோவையின் ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் தந்த கடன் உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கினார் நாயுடு.

பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அந்த பஸ் ஓடியது. முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும், கடனும் நிற்கும். அதனால் வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வது அவருக்கு வயிற்றுப்பாட்டு விஷயம்.

சில ஆண்டுகளிலேயே அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., நாட்டிலேயே சிறப்பாக நடத்தப்படும் பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று பெயர் எடுத்தது.

குறைந்த விலை... அதுதான் அவர் ஃபார்முலாவா?

பஸ்ஸோடு நிற்கவில்லை. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார்களில் ஒன்றை பீளமேட்டில் இருந்து கொண்டுவந்தார். கோவை இன்றைக்கு மோட்டார், பம்புசெட் ஊராக இருப்பதற்கு அந்தக் காலத்தில் போட்ட விதைகளில் இதுவும் ஒன்று.

மின்சார ஷேவிங் ரேசர், மண்ணெண்ணெயில் சுற்றும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி என்று அவருடைய பட்டியல் நீளம். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது!

எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே எண்ணம்தான். வெளிநாட்டில் இருந்து வந்து, பெரிய இடத்து வீடுகளில் மட்டும் இருக்கும் ஒரு பொருளை எடுப்பது. பிரித்துப் பார்ப்பது. தேவையில்லாததைக் கழிப்பது. சாதாரண குடும்பமும் வாங்கும் விலைக்குச் செய்வது. தரத்தைக் குறைத்து விலையைக் குறைப்பது வேற, பொருளைப் புரிந்துகொண்டு விலையைக் குறைப்பது வேற. நாயுடு போனது இரண்டாவது வழி.

2,000 ரூபாய் காரை நிறுத்தியது எது?

அந்த வழியில்தான் 1952-ல் கார் வந்தது. 2,000 ரூபாய் எவ்வளவு குறைவு என்று புரிய ஒரு கணக்கு. 1965-ல் பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ஃபியட் கார் வாங்க நினைத்தார். விலை ரூ.12,000. கையில் இருந்தது ரூ.7,000. மீதி 5,000-க்கு பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் வாங்கினார். 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகு, அந்தக் கடனை மனைவி லலிதா சாஸ்திரிதான் தன் பென்ஷனில் இருந்து கட்டினார். நாட்டின் பிரதமருக்கே கார் கடன் சுமை என்றால், மற்றவர்களைச் சொல்லவே வேண்டாம்.

நாயுடுவின் காருக்கு மக்கள் வரும் முன்பே தடை வந்தது. தொழிற்சாலைகள் அரசின் உரிமம் பெற்றே தொடங்க வேண்டும், விரிவாக்க வேண்டும் என்று 1951-ல் ஒரு சட்டம் போடப்பட்டது. 1952-ல் நடைமுறைக்கு வந்தது. கார் போன்ற பொருளை யார் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பது டெல்லியில் முடிவாகும். நாயுடுவுக்கு அந்த உரிமம் கிடைக்கவில்லை. உற்பத்தி அதோடு நின்றது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லணும். ஒரு கார் செய்து காட்டுவது வேற. ஆயிரக்கணக்கில் செய்து, ஊர் ஊராக ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கவைத்து, பத்து வருஷம் ஓடவைப்பது வேற. அந்தப் பரீட்சையை எழுதவே நாயுடுவின் காருக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. இழப்பு அதுதான். மக்கள் வாங்கிப் பார்த்து வேண்டாம்னு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு ஃபைல் சொன்னது!

அந்தக் கனவு பிறகு என்ன ஆச்சு?

அடுத்த 30 வருஷம் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று விரல் விட்டு எண்ணும் கார்கள்தான். புது கார் வேணும்னா புக் பண்ணிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் கொஞ்சம் எட்டியது.

2008-ல் ரூ.1 லட்சம் விலை என்று டாடா நானோ அறிமுகமானது. ஆரம்பத்தில் சில வண்டிகள் தீப்பிடித்ததும், மலிவான கார் என்ற முத்திரையும் அதைப் பாதித்தன. பத்து வருஷத்தில் அதன் கதை முடிந்தது. விலை குறைவு மட்டும் போதாது, நம்பிக்கையும் வேணும் என்பதற்கு அது உதாரணம்.

நாயுடு இதையெல்லாம் பார்க்கவில்லை. 1974 ஜனவரி 4-ல், 80 வயதில் காலமானார். அவர் சேர்த்துவைத்த கருவிகளும் குடும்பத்தார் திறந்த கார் அருங்காட்சியகமும் கோவையில் இருக்கின்றன.

கார் வாங்கப் போறவங்க இவரிடம் என்ன கத்துக்கலாம்?

நம்ம பட்ஜெட்டுக்கு இன்று பெரும்பாலும் கிடைப்பது பழைய கார்தான். அங்கேயும் நாயுடு பாடம் ஒன்றுதான்: பளபளப்பைப் பார்க்காதே, உள்ளே பார்.

• காலையில் போய், என்ஜின் சூடாகும் முன்பே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. சூடான என்ஜின் சில கோளாறுகளை மறைக்கும்.

• சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க. சேறு படிந்த கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். தரை விரிப்பைத் தூக்கித் துருவையும் பாருங்க.

• கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்பாதீங்க. சர்வீஸ் ரெக்கார்டோடு ஒப்பிடுங்க.

• ஆர்.சி.யில் வங்கிக் கடன் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கேளுங்க. பெயர் மாற்ற 29, 30 படிவங்கள் வேணும்.

• உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

காஞ்சிபுரம் பக்கத்துக்காரங்களுக்கு இதைப் புதுசா சொல்ல வேண்டியதில்லை. பட்டுப்புடவையில் ஜரிகை எவ்வளவு மின்னினாலும், லேசா சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் விலை பேசுவாங்க. வாங்கின மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு நாயுடு பார்த்ததும் அதைத்தான்.