பாடாவிட்டால் ஜன்னல் வழியாக வீசிவிடுவதாக மிரட்டிய இசையமைப்பாளர்... யார் இந்த பிரான்செஸ்கா குட்சோனி?

ஒரு பாடகி, தனக்குக் கொடுத்த பாட்டைப் பாட மாட்டேன் என்கிறார். பாட்டு ரொம்ப சாதாரணமா இருக்காம். கோபத்தின் உச்சிக்குப் போன இசையமைப்பாளர் அவரை இடுப்போடு பிடித்து, பாடாவிட்டால் ஜன்னல் வழியாகத் தூக்கி வீசிவிடுவதாக மிரட்டுகிறார்.

இசையமைப்பாளர், ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஹாண்டல். பாடகி, இத்தாலியின் பார்மா நகரில் 1696-ல் ஒரு வயலின் கலைஞரின் மகளாகப் பிறந்த பிரான்செஸ்கா குட்சோனி. ஹாண்டல் இறந்த மறு வருஷம், 1760-ல் வெளியான அவரது வாழ்க்கை வரலாற்றில் வரும் கதை இது. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனா அந்தப் பாட்டு நிஜம். குட்சோனியை லண்டன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதும் நிஜம்.

அப்படி என்ன பாட்டு அது?

'ஓட்டோனே' என்ற ஓபராவில் வரும் 'ஃபால்சா இம்மாஜினே' என்ற ஏரியா. ஏரியான்னா இடம் இல்லைங்க. ஓபராவில் ஒரு கதாபாத்திரம் தன் மனநிலையைக் கொட்டித் தீர்க்கும் தனிப்பாட்டு. குட்சோனியின் குரல் சொப்ரானோ, அதாவது பெண் குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயி.

அந்தக் காலத்து ஏரியா பெரும்பாலும் மூன்று பகுதி. முதல் பகுதி, அதிலிருந்து மாறுபட்ட இரண்டாம் பகுதி, பிறகு மறுபடியும் முதல் பகுதி. திரும்பி வரும்போது எழுதியதை அப்படியே பாடக் கூடாது. பாடகி தன் சொந்த சங்கதிகளைப் போட வேண்டும். ரசிகர்கள் காத்திருப்பதே அதற்குத்தான். லண்டனில் முதல் மேடை, எடுத்த எடுப்பிலேயே பிருகாக்களை அள்ளி வீசி அசத்தலாம் என வந்தவருக்கு ஹாண்டல் கொடுத்ததோ மெதுவான, சின்ன பாட்டு. பாடி முடியும் வரை பக்கபலம் ஹார்ப்சிகார்டும் அடிநாத வாத்தியமும் மட்டும். முழு வாத்தியக் குழு கடைசியில்தான் சேரும்.

கதைப்படி, ஓவியத்தில் பார்த்தவரை மணக்க வந்த இளவரசி தியோஃபானே முன் வேறொருவன் மாப்பிள்ளையாக நிற்கிறான். கையில் உள்ள ஓவியத்தைப் பார்த்து, நீ என்னை ஏமாற்றிவிட்டாயே என மனம் உடைகிறாள். அந்த இடத்தில் வித்தை காட்டினால் சோகம் காணாமல் போயிடும். ஹாண்டலின் கணக்கு அதுதான்.

1723 ஜனவரி 12, ஹேமார்க்கெட்டின் கிங்ஸ் தியேட்டர். குட்சோனி பாடினார். அவ்வளவுதான், ஊரே மயங்கியது. டிக்கெட்டுகள் பல மடங்கு விலைக்குக் கைமாறின.

கேட்டவர்கள் எழுதி வைத்ததைப் பார்த்தால், அவரது பலம் வேகம் இல்லை. ஒரு சுரத்தை மெலிதாகத் தொடங்கி, வளர்த்து, மறுபடி மெலிதாக்கி முடிப்பார். தாளத்தை விடாமலே சொல்லைக் கொஞ்சம் தாமதிப்பார், கொஞ்சம் முந்துவார். இன்றும் இந்த ஏரியாக்களைப் பாடுபவர்களைச் சோதிப்பது இதுதான். மூச்சு போதாவிட்டால் மெதுவான பாட்டில் ஒளியவே முடியாது.

இதன் பிறகு ஹாண்டல் அவர் குரலை அளந்து எழுத ஆரம்பித்தார். 1724-ல் 'ஜூலியோ சேசரே'யில் கிளியோபாட்ரா வேடம், 8 ஏரியாக்கள். அதில் 'பியாஞ்செரோ' இன்றும் சொப்ரானோக்களின் பரீட்சை. சிறைப்பட்ட ராணியின் மெதுவான அழுகை, நடுவில் பழிவாங்கும் புயல், மறுபடி அழுகை. புயலில் குரலைச் செலவழித்துவிட்டால் திரும்பி வரும் அழுகைக்கு மிச்சம் இருக்காது. அடுத்த வருஷம் 'ரோடெலிண்டா'வில் அவர் அணிந்த வெள்ளி வேலைப்பாட்டுப் பழுப்புப் பட்டு உடை, லண்டன் பெண்களின் ஃபேஷனே ஆனது.

1726-ல் வந்தார் போட்டி. வேகப் பிருகாவில் கில்லாடியான ஃபௌஸ்டினா போர்டோனி. இருவரும் ஒரே மேடையில் பாட, ரசிகர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்தார்கள். 1727 ஜூன் 6, பொனொஞ்சினியின் 'அஸ்டியனாட்டே' ஓபரா. இளவரசி கரோலின் அரங்கில் இருக்கும்போதே கூச்சல், விசில், ரகளை. பாடகிகளே முடியைப் பிடித்துச் சண்டை போட்டதாகத் துண்டுப் பிரசுரங்கள் எழுதின. சொல்லப்போனால், ரகளை செய்தது ரசிகர்கள்தான். பாடகிகள் கைகலந்ததற்கு நம்பகமான ஆதாரமே இல்லை. ஆனா கெட்ட பெயர் மட்டும் அவர்களுக்கு!

வதந்தி அதோடு விடவில்லை. 1741-ல், இசையமைப்பாளரான கணவர் சண்டோனியை விஷம் வைத்துக் கொன்றதாகவும் மரண தண்டனை கிடைத்ததாகவும் லண்டன் பத்திரிகையில் செய்தி. சண்டோனி அதன் பிறகும் பல வருஷம் உயிரோடு இருந்தார்.

பணம் வந்த வேகத்திலேயே போனது. 1750-ல் குட்சோனி மறுபடி லண்டன் வந்தபோது வயது 54. குரல் தேய்ந்திருந்தது, கூட்டமும் இல்லை. வெறும் 30 பவுண்டு கடனுக்காகக் கைதானார். ஜாமீன் கொடுத்தது வேல்ஸ் இளவரசர். அடுத்த வருஷம், கடனை அடைக்கக் கடைசியாக ஒரு கச்சேரி என நாளிதழில் வேண்டுகோள் வெளியிட்டார். பிறகு ஹாலந்திலும் கடனுக்காகச் சிறை. மாலையில் வெளியே விட்டு, பாடவைத்து, அந்த வருமானத்தில் கடனைக் கழித்தார்களாம்.

1770-களில் இத்தாலியின் பொலோனியாவில் இறந்தார். கடைசி நாட்களில் பட்டன் செய்து பிழைத்ததாகச் சொல்கிறார்கள்.