கப்பலில் போட்ட கணக்கு

1930-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி பம்பாயிலிருந்து ஒரு கப்பல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. அதில் 19 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் சந்திரசேகர். சர். சி. வி. ராமனின் அண்ணன் மகன். பிறந்தது லாகூரில். படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும். மேல்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் போய்க்கொண்டிருந்தார்.

அவர் மனம் வீட்டில் இருந்தது. தாயார் சீதாலட்சுமி நோயாகப் படுத்திருந்தார். இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் தந்த பெண்மணி அவர். மகன் போகத் தயங்கினார். தாயார்தான் வற்புறுத்தி அனுப்பினார். மறு ஆண்டு மே மாதம் தாயார் காலமானார். மகன் அப்போது சீமையில் இருந்தார். தாயார் முகத்தை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் சந்திரசேகருக்கு ஒரு புத்தகம் பரிசு கிடைத்திருந்தது. நட்சத்திரங்களைப் பற்றி எடிங்டன் என்ற பெரிய வானியல் நிபுணர் எழுதியது. அதுவும் கப்பலில் வந்தது. கடல் அமைதியானதும் இளைஞர் கணக்குப் போட உட்கார்ந்தார்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் என்ன ஆகும்? சுருங்கி, பூமி அளவே உள்ள உருண்டை ஆகும். அதன் எடையோ ஏறக்குறைய சூரியன் எடை! இதற்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர். எல்லா நட்சத்திரமும் இப்படித்தான் முடியும் என்று அன்று நம்பினார்கள்.

ஏரியும் நட்சத்திரமும்

அவர் போட்டது என்ன கணக்கு? அம்பத்தூர் ஏரி வயலுக்குப் பாய்ந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி நிறைந்திருக்கும்போது மதகைத் திறந்தால் தண்ணீர் சீறிப் பாயும். மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும். தினம் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இன்று 10 அடி. நாளை 9 அடி. மறுநாள் 8.1 அடி. அதற்கும் மறுநாள் 7.29 அடி. மாறும் வேகத்தை, இருக்கும் அளவோடு சேர்த்து எழுதும் இந்த மாதிரிக் கணக்குக்கு வகைக்கெழுச் சமன்பாடு என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். படிப்படியாக நடந்தால் விடை வரும். படி சிறிதாக ஆக, விடை உண்மையை நெருங்கும்.

நட்சத்திரத்துக்கும் அப்படித்தான். நடு மையத்தில் தொடங்கி வெளியே வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் மேலே உள்ள பாரத்தை அங்குள்ள அழுத்தம் தாங்க வேண்டும். அழுத்தம் தீரும் இடமே நட்சத்திரத்தின் விளிம்பு.

இந்தச் சமன்பாட்டின் விடைகளை வேறு நிபுணர்கள் முன்பே அட்டவணை போட்டிருந்தார்கள். சந்திரசேகர் செய்த புதுமை வேறு. நெருக்கத்தில் எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடும். ஆகவே ஐன்ஸ்டீனின் சார்புத் தத்துவத்தைச் சேர்க்க வேண்டும் என்று கண்டார். சேர்த்தார். மையத்தை எவ்வளவு இறுக்கினாலும் மொத்த எடை மாறவில்லை! அந்த எடைக்கு மேற்பட்டது வெள்ளைக் குள்ளனாக நிற்க முடியாது. அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று தெரியும்.

சபையில் சிரிப்பு

கேம்பிரிட்ஜில் அவர் முழுக் கணக்கையும் படிப்படியாகப் போட்டார். கையால் சுற்றும் கணக்கு யந்திரம் ஒன்று கிடைத்தது. அதற்கு ஏற்பாடு செய்தவர் எடிங்டனே! அடிக்கடி அறைக்கு வந்து, வேலை எப்படி நடக்கிறது என்றும் விசாரித்தார்.

1935 ஜனவரி 11-ந் தேதி லண்டன் வானியல் சங்கத்தில் சந்திரசேகர் முடிவைச் சொன்னார். உடனே எடிங்டன் எழுந்தார். நட்சத்திரம் அப்படி அபத்தமாக நடக்காது என்று கேலி செய்தார். சபை சிரித்தது. கூட்டலிலோ பெருக்கலிலோ அவர் பிழை காட்டவில்லை. அஸ்திவாரமே தவறு என்றார். பௌலி போன்ற மேதைகள் இளைஞர் பக்கமே நியாயம் என்று தனியாகச் சொன்னார்கள். சபையில் சொல்ல முன்வரவில்லை. அதுதான் கொடுமை.

சந்திரசேகர் சண்டை போடவில்லை. 1937-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1939-ல் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதிவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போனார். எடிங்டனுடன் நட்பையும் விடவில்லை. 1944-ல் அவர் இறந்தபோது மனமாரப் புகழ்ந்து பேசினார்.

எல்லை மீறிய நட்சத்திரங்கள் கருந்துளையாகவும் ஆகலாம் என்று உலகம் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. 1983 அக்டோபர் 19-ந் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அன்று அவருக்கு 73-வது பிறந்த நாள்.

1995 ஆகஸ்டு 21-ந் தேதி சிக்காகோவில் காலமானார். 1999-ல் அமெரிக்கா விண்ணில் ஏற்றிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர் வைத்தார்கள்.