தச்சர் மகனின் விமானங்கள்

இங்கிலாந்தின் வின்ட்சர் நகரில் 1893ஆம் ஆண்டு ஒரு தச்சரின் மூத்த மகனாகப் பிறந்தார் சிட்னி கேம். அவருக்குப் பின் அக்குடும்பத்தில் பதினொரு பிள்ளைகள் பிறந்தனர். படிப்பை இளமையிலேயே விட்ட கேம், தச்சு வேலை பழகினார். ஓய்வு நேரத்தில் தம்பியுடன் சேர்ந்து மாதிரி விமானங்கள் செய்து, அருகிலிருந்த ஈட்டன் பள்ளி மாணவர்களுக்கு விற்றார்.

1923இல் ஹாக்கர் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அதன் தலைமை வடிவமைப்பாளரானார். அவர் வடிவமைத்த ஹரிகேன் போர் விமானம் 1935 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. அரசாங்கம் கொள்முதல் ஆணை தருவதற்கு முன்பே, ஆயிரம் விமானங்களைக் கட்டும் ஏற்பாடுகளை நிறுவனம் தன் சொந்தப் பொறுப்பில் தொடங்கிவிட்டது. துணிச்சலான முடிவுதான். ஆனால், 1940இல் ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டனைத் தாக்கியபோது அம்முடிவே கைகொடுத்தது. புகழ் என்னவோ ஸ்பிட்ஃபயர் விமானத்திற்குச் சென்றது. எதிரி விமானங்களை அதைவிட மிகுதியாக வீழ்த்தியது ஹரிகேனே.

போர் முடிந்தபோது பிரிட்டனில் இருபதுக்கும் மேற்பட்ட விமான நிறுவனங்கள் இருந்தன. கேம் வடிவமைத்த ஹண்டர் என்னும் ஜெட் விமானம் 1951இல் பறந்தது. 1953இல் மணிக்கு ஏறத்தாழ 1,171 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலகச் சாதனை படைத்தது. அதே ஆண்டில் கேம் 'சர்' பட்டம் பெற்றார். பல நாடுகள் ஹண்டரை வாங்கின. பின்னாளில் சிங்கப்பூரின் தெங்கா விமானத் தளத்திலும் அவை பறந்தன.

1957இல் காற்று திசை மாறியது. இனிவரும் காலம் ஏவுகணைகளின் காலம் என்று கருதிய பிரிட்டிஷ் அரசாங்கம், புதிய போர் விமானத் திட்டங்கள் பலவற்றைக் கைவிட்டது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானமொன்றை ஹாக்கர் தன் சொந்தப் பணத்தில் கட்டத் தொடங்கியிருந்தது. வாங்க ஆளின்றி அதுவும் பாதியில் நின்றது. சிறிய நிறுவனங்கள் பெரியவற்றுடன் இணைய நேர்ந்தது.

அப்போது கேமுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கடுகடுப்புக்குப் பெயர்போன அவர், இளம் பொறியாளர்கள் கொண்டுவந்த ஒரு புதுமையான திட்டத்திற்கு இடம் கொடுத்தார். இயந்திரத்திலிருந்து சீறி வெளிவரும் காற்றை, திரும்பக்கூடிய நான்கு குழாய்கள் வழியாகக் கீழ்நோக்கிச் செலுத்தினால் விமானம் நேர் மேலே எழும். பின்னோக்கித் திருப்பினால் முன்னே பாயும். ஓடுபாதையே தேவையில்லை! 1960 அக்டோபரில், வடங்களால் தரையுடன் பிணைக்கப்பட்ட அந்தச் சோதனை விமானம் சற்றே மேலெழுந்து நின்றது.

அடுத்த கட்டமாக, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் அதே வகை விமானத்தைக் கேம் பெரிதும் நம்பியிருந்தார். 1965 பிப்ரவரியில் அரசாங்கம் அத்திட்டத்தை நிறுத்திவிட்டு, அமெரிக்காவிடமிருந்து ஃபான்டம் விமானங்களை வாங்க முடிவெடுத்தது. மறு ஆண்டு மார்ச் மாதம், கோல்ஃப் விளையாடிக்கொண்டிருந்தபோது கேம் உயிர் துறந்தார்.

எஞ்சிய சோதனை விமானத்திலிருந்து உருவான ஹேரியர், 1969இல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தது. அதை விலை கொடுத்து வாங்கிய முதல் வெளிநாடு அமெரிக்கா.